ஏணி ஆடுகிறதா, வழுக்குகிறதா? மலை வீடுகளுக்கான ஏணிக் கோளாறுகளும் தீர்வுகளும்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், சாலையிலிருந்து படி இறங்கிப் போக வேண்டிய வீடு எங்களுடையது. முன்பக்கம் கூரை விளிம்பு எட்டடி உயரத்தில் இருக்கும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் அதே விளிம்பு பதினைந்தடி. மலைச்சரிவில் கட்டிய வீடு என்றால் இப்படித்தான்.

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று அப்பா ஏணியில் ஏறினார். கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் தகர வாய்க்காலில் சில்வர் ஓக் இலை அடைந்து கிடந்தது. அலுமினிய ஏணி, வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான்காவது படியில் நின்றபோது அடிக்கால் வழுக்கி, ஏணியோடு சரிந்து விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. வீட்டில் எல்லோரும் ஏணியைத்தான் திட்டினோம். எலும்பு கூடும் வரை அப்பா கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த வாரங்களில் நான் அந்த ஏணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. அது நின்ற சிமெண்ட் தரையில்தான், நகத்தால் சுரண்டினால் வழித்து வரும் அளவுக்குப் பச்சைப் பாசி.

அன்றிலிருந்து எந்த வீட்டில் ஏணி படுத்துகிறது என்று சொன்னாலும் முதலில் நான் பார்ப்பது ஏணியின் காலுக்கு அடியில் இருக்கும் தரையை. கடைக்குப் போகும்போதும் அப்படித்தான். விலையும் பளபளப்பும் அப்புறம். எந்தத் தரையில் நிற்கப் போகிறது, எவ்வளவு உயரத்தில் என்ன வேலை என்பது முடிவானால்தான் எந்த ஏணி என்பது முடிவாகும்.

கீழே கோளாறு வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் ஏணி என்ன செய்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் முழுதும் படியுங்கள். பழைய ஏணி படுத்திய பாடு தெரிந்தால்தான் புதியதில் எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியும்.

ஏறினால் பக்கவாட்டில் ஆடுகிறது

ஏணியை வீட்டுக்குள் கொண்டுவந்து, கூடத்தில் சமமான தரையில் நிறுத்துங்கள். ஏ டைப் ஏணி (சுவரில் சாய்க்காமல் கால் விரித்துத் தானே நிற்பது) என்றால் நன்றாக விரித்து, நடுவில் இருக்கும் தாங்கு பட்டைகளை முழுதாக அழுத்திப் பூட்டிவிடுங்கள். இனி ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நான்கு காலும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டால் ஏணி நேராக இருக்கிறது. ஒரு கால் மட்டும் காகிதத்தைத் தாராளமாக உள்ளே விட்டால் அந்தக் காலின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது கழன்று விழுந்திருக்கலாம். புஷ் மலிவான பொருள், ஹார்டுவேர் கடையில் அளவு சொன்னால் கிடைக்கும். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது தடிமனாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்து மறுபடி ஆட்டம் வரும்.

புஷ் புதிதாகப் போட்ட பிறகும் ஆடுகிறதா? சட்டம் முறுக்கியிருக்கிறது. தரையில் படுக்க வைத்து, ஒரு முனையில் குனிந்து மறுமுனையைப் பார்த்தால் இரண்டு சட்டமும் ஒரே கோட்டில் ஓடாதது கண்ணுக்கே தெரியும். இதைத் தட்டி நிமிர்த்த வேண்டாம். அலுமினியம் ஒருமுறை வளைந்து, அதைத் திரும்ப நிமிர்த்தினால் அந்த இடம் பலவீனமாகிவிடும். ஏறி நிற்கும்போது அங்கேதான் மடங்கும். இந்த ஏணிக்கு வைத்தியம் கிடையாது.

படியைச் சட்டத்தோடு பிணைக்கும் ரிவெட்டையும் பாருங்கள். ஒவ்வொரு படியையும் கையால் பிடித்து முறுக்கிப் பார்த்தால் தளர்ந்தது தெரியும். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி படிந்திருந்தால், அந்தப் படி வெகுநாளாக உள்ளுக்குள் அசைந்து தேய்ந்துகொண்டிருக்கிறது.

சரி, கூடத்தில் வைத்தால் அசையாமல் நிற்கிறது, வெளியே கொண்டுபோனால்தான் ஆடுகிறது என்றால்? நீலகிரியில் நான் பார்த்த பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இதுதான் நிலை. தரை சரிவு.

சரிவான தரையில் எல்லோரும் செய்வது, தாழ்ந்த பக்கத்துக் காலுக்கு அடியில் ஒரு செங்கல்லோ பலகைத் துண்டோ வைப்பது. எங்கள் வீட்டில் தடுப்புச் சுவர் கட்ட வந்த கொத்தனார் நான் அப்படிச் செய்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா, செங்கல்லு வெச்சா ஏணி நிக்குமுங்க, ஆளு நிக்க மாட்டாங்க" என்றார். அவரே மண்வெட்டியை எடுத்து மேட்டுப் பக்கத்தைச் சீவினார். அதுதான் சரியான முறை. தாழ்ந்த பக்கத்தை உயர்த்தாதீர்கள், உயர்ந்த பக்கத்தைத் தாழ்த்துங்கள். மேட்டுக்கால் நிற்கும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை வெட்டி, இரண்டு காலும் ஒரே மட்டத்தில் வருமாறு செய்து, ஒரு படியின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குமிழ் நடுவில் நிற்க வேண்டும். மழைக்குப் பிறகு எங்கள் செம்மண் அப்பளம் போல் அமுங்கிக்கொடுக்கும். அதனால் இரண்டு காலுக்கும் அடியில் ஒரே அகலமான பலகையைப் போட்டு, அதன் மேல் ஏணியை வையுங்கள். பலகை நகராமல் கீழ்ப்பக்கம் இரண்டு இரும்பு முளை அடித்துவிட்டால் இன்னும் நல்லது.

எவ்வளவு சரிவு வரை இப்படிச் சமாளிக்கலாம்? பிரிட்டனின் வேலைப் பாதுகாப்புத் துறை வழிகாட்டி, ஏணியின் பக்கவாட்டில் தரைச் சரிவு 16 பாகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அதற்குள் இருந்தாலும் படிகள் மட்டமாக இருக்க வேண்டும். ஏணி ஒன்றரை அடி அகலம் என்றால், ஒரு பக்கம் இன்னொன்றைவிட ஐந்து அங்குலம் தாழ்ந்திருப்பது கிட்டத்தட்ட அந்த எல்லை. சுவரை நோக்கியோ சுவரிலிருந்து விலகியோ போகும் சரிவுக்கு எல்லை இன்னும் குறைவு, 6 பாகைதான். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை அளந்தபோது பக்கவாட்டுச் சரிவு ஏழு அங்குலம் வந்தது. அங்கே நான் இனி ஏணி வைப்பதில்லை. ஒரு ஓரமாகக் கல் பதித்து, நான்கடிக்கு நான்கடி சமதளம் ஒன்று கட்டிவிட்டோம். வருடத்துக்கு மூன்று தடவை ஏற வேண்டிய இடத்துக்கு அந்தச் செலவு நியாயமானது.

வாங்கும்போது இதற்காகப் பார்க்க வேண்டியவை: ஒவ்வொரு காலையும் தனியாக நீட்டிக்கொள்ளும் வசதி, அல்லது அடிப்பாகத்தில் குறுக்காக அகலத் தாங்கும் பட்டை. ஐரோப்பியத் தரக் குறியான இ.என். 131 புதுப்பிக்கப்பட்டு 2018 முதல் நடைமுறைக்கு வந்தபோது, 3 மீட்டருக்கு மேற்பட்ட, சுவரில் சாய்த்து வைக்கும் சாய்வு ஏணிகளின் அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். நம் கடைகளில் இருக்கும் பல ஏணிகளில் அந்தக் குறி ஒட்டியிருக்கும். குறி ஒட்டியிருந்து, அந்தப் பட்டை தனியாகப் பெட்டிக்குள் கிடந்தால் கடையிலேயே பொருத்தித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் அது மூலையில் கிடக்கும்.

மாடிப்படியின் மேல் வேலை என்றால் சாதாரண ஏ டைப் ஏணி உதவாது. இரண்டு பக்கத்தையும் வேறு வேறு உயரத்துக்கு வைக்கக்கூடிய ஏணி இருக்கிறது. மலை வீட்டுக்கு ஒரே ஒரு ஏணிதான் வாங்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். கொஞ்சம் கனம், விலையும் கூடுதல். ஆனால் வாசற்படியிலும் நிற்கும், கூடத்திலும் நிற்கும்.

அடிக்கால் வழுக்கிப் போகிறது

மூன்று காரணங்கள் உண்டு. தரை, சாய்வு, ரப்பர். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

தரையைக் கையால் தடவுங்கள். இங்கே வருடத்தில் பாதி நாள் மூடுபனி, நிழல் விழும் பக்கத்துச் சிமெண்ட் எந்த மாதத்திலும் முழுதாகக் காய்வதில்லை. காய்ந்தது போல் தெரியும் பாசியும், ஏணியின் பாரம் அழுத்தியவுடன் உள்ளிருக்கும் ஈரத்தைக் கக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் கழுவி, காய விட்டு, மறுநாள் ஏறுங்கள். கழுவிய கையோடு ஏறினால் பாசி போயிருந்தாலும் ஈரம் இருக்கும். ஊட்டிப் பக்கம் மார்கழி, தை காலைகளில் உறைபனி இருக்கும்போது தரை மட்டுமல்ல, அலுமினியப் படியும் கண்ணாடி போல் வழுக்கும். வெயில் ஏறும் வரை காத்திருங்கள்.

சாக்கை விரித்து அதன் மேல் ஏணி வைப்பது ஒரு பழக்கம். வேண்டாம். சாக்கு சிமெண்டின் மேல் வழுக்கும், ஏணி சாக்கின் மேல் நிற்கும், இரண்டும் சேர்ந்து போகும்.

அடுத்தது சாய்வு. கணக்கு எளிது. ஏணி சுவரைத் தொடும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தூரம் அடிக்கால் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். எட்டடி உயரத்தில் தொட்டால் இரண்டடி தள்ளி. பன்னிரண்டடி என்றால் மூன்றடி. இதைவிடப் படுத்தால் அடிக்கால் பின்னோக்கி ஓடும். இதைவிட நிமிர்ந்தால் ஆளோடு சேர்ந்து பின்னால் மல்லாந்துவிடும். டேப் இல்லாதபோது ஒரு வழி உண்டு. இரண்டு காலின் நுனியும் ஏணியின் அடிக்கால்களைத் தொட்டபடி நேராக நின்று, கைகளைத் தோள் மட்டத்தில் முன்னே நீட்டுங்கள். உள்ளங்கை படியை இயல்பாகத் தொட்டால் சாய்வு சரி. குனிந்து எட்ட வேண்டியிருந்தால் ஏணி அதிகம் படுத்திருக்கிறது. முழங்கை மடங்கினால் அதிகம் நிமிர்ந்திருக்கிறது.

மலை வீட்டில் இந்தக் கணக்கு அடிக்கடி இடிக்கும் இடம் ஒன்று உண்டு. பின்பக்கச் சுவருக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே இரண்டரை அடிச் சந்துதான் இருக்கும், கூரையோ பதினைந்தடியில். அடிக்கால் கிட்டத்தட்ட நான்கடி தள்ளி இருக்க வேண்டும், இடமோ இல்லை. ஏணியை நிமிர்த்தி வைத்துச் சமாளிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த இடத்துக்குச் சாரம் கட்டும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். தடுப்புச் சுவரின் விளிம்பு பின்னால் இருந்து, அதற்குக் கீழே பத்தடிப் பள்ளம் என்றால் சொல்லவே வேண்டாம். விழுந்தால் ஏணியின் உயரம் மட்டும் கணக்கில் வராது.

மேல் முனையைக் கட்டாமல் ஏறாதீர்கள். முதலில் ஒருவர் கீழே அடிக்காலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஏறி இரண்டு சட்டத்தையும் கூரை வாரையோடு நைலான் கயிற்றால் கட்டட்டும். தகர வாய்க்காலிலோ, மழைநீர் இறங்கும் பி.வி.சி. குழாயிலோ கட்டினால் கட்டாததற்குச் சமம்.

கடைசியாக ரப்பர். புஷ்ஷின் அடிப்பக்கம் கோடு கோடாக வரி இருந்தால் பிடிக்கும். மழமழவென்று தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வாங்கும்போது வெறும் பிளாஸ்டிக் மூடி போட்ட ஏணியைத் தவிர்த்துவிடுங்கள், அது ஈரத்தில் வழுக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழுக்கி விழுந்தவர்களில் பலர் மழை தொடங்கிய பிறகு பதறி ஏறியவர்கள். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 91 சென்டிமீட்டர். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும் என்று தெரிந்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அதனால்தான் நாள் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அங்கே புரட்டாசியில் வெயில் அடிக்கும் ஒரு நாளில் முடித்துவிடுங்கள். கூடலூர், பந்தலூர், எமரால்டு பக்கம் தென்மேற்கு மழை அடிக்கும். அங்கே சித்திரை, வைகாசியில். மழை பிடித்துவிட்டதா, அது நிற்கும் வரை கூரை ஒழுகட்டும், வாளி வையுங்கள்.

உச்சிப்படி வரை போயும் எட்டவில்லை

ஏணி குட்டை. நுனிக்காலில் நின்று எட்டினாலோ, இடுப்பு ஏணிச் சட்டத்தைத் தாண்டி வெளியே சாய்ந்தாலோ ஏணி சரியும். வயிறு எப்போதும் இரண்டு சட்டத்துக்கும் நடுவிலேயே இருக்கட்டும். பக்கத்தில் எட்டவில்லை என்றால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். நூறு தடவை இறங்கி ஏறினாலும் சரி.

ஏ டைப் ஏணியில் மேலே இருக்கும் இரண்டு படிகளில் நிற்கக்கூடாது. சாய்வு ஏணியில் மேலே மூன்று படிகள். எனவே கடையில் சொல்லும் உயரம் உங்களுக்குக் கிடைக்கும் உயரம் அல்ல. ஆறடி ஏ டைப் ஏணியில் நீங்கள் நிற்கப்போவது நான்கடியில். ஐந்தேகால் அடி உயரமுள்ளவர் கையைத் தூக்கினால் இன்னொரு ஆறரை அடி. ஆக, பத்தடி உயரக் கூரையில் பல்ப் மாற்ற ஆறடி ஏணி போதும். பிரிட்டிஷ் காலத்துப் பழைய பங்களா என்றால் பன்னிரண்டடி இருக்கும், அதற்கு எட்டடி ஏணி வேண்டும்.

நீட்டும் ஏணியில் இன்னொரு கணக்கு. இரண்டு பத்தடித் துண்டு சேர்ந்ததை இருபதடி என்று விற்பார்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று குறைந்தது மூன்றடியாவது படிந்திருக்க வேண்டும், எனவே கைக்கு வருவது பதினேழடி. கூரை மேல் ஏறி இறங்க வேண்டுமென்றால் ஏணி விளிம்பைத் தாண்டி இன்னும் மூன்றடி மேலே நிற்க வேண்டும், இறங்கும்போது பிடித்துக்கொள்ள அது தேவை. எங்கள் வீட்டுப் பின்பக்கப் பதினைந்தடிக்குச் சாய்வையும் சேர்த்தால் பதினெட்டரை அடி வருகிறது. அதாவது இருபதடி என்று எழுதியிருக்கும் ஏணி அதற்குப் போதாது. நான் இருபதடிக்குப் பணம் கட்டக் கிளம்பிவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் திரும்பி வந்தேன்.

படி வளைகிறது, முனகுகிறது

பாரம் தாங்கவில்லை. ஏணியின் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அதில் எத்தனை கிலோ என்று பாருங்கள். இ.என். 131 குறியிட்ட ஏணி 150 கிலோவுக்கானது. அமெரிக்க முறையில் வகை பிரித்திருந்தால் மூன்றாம் வகை 90 கிலோ, இரண்டாம் வகை 102, முதல் வகை 113. 90 கிலோ ஏணியை வீட்டுக்கு வாங்காதீர்கள். உங்கள் எடை 70 இருக்கலாம். ஸ்வெட்டர், கருவிப் பை, கையில் ஒரு வாளி சேர்ந்தால் 90 வந்துவிடும். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி மட்டுமே இருபத்தைந்து கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறவும் கூடாது. கையில் எடுத்துப்போகும் சுமை பத்து கிலோவுக்குள் இருக்கட்டும். சின்ன டப்பாவில் ஊற்றி, கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது இரண்டு கையும் ஏணிக்கு வேண்டும்.

சீட்டே இல்லாத ஏணியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்க வேண்டாம். இந்தியத் தர அமைப்பிலும் ஏணிக்கென்று பாதுகாப்பு விதி இருக்கிறது, ஐ.எஸ். 3696, இரண்டாம் பகுதி. கடைக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தெரியாது என்றாலும் பரவாயில்லை, கேட்கும் ஆள் என்று தெரிந்தால் உள்ளே இருக்கும் நல்ல ஏணி வெளியே வரும்.

படியின் அகலமும் முக்கியம். குழாய் போன்ற உருண்டைப் படியில் பத்து நிமிடம் நின்றால் பாதம் வலிக்கும், வலித்தால் கால் மாற்றுவோம், மாற்றும்போதுதான் தடுமாறும். மூன்று அங்குலமாவது அகலமுள்ள தட்டையான படி, மேல்பக்கம் வரி போட்டது, அதுதான் நல்லது. அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் வேலை என்றால் நடுவில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு ஏறுங்கள்.

டெலஸ்கோப் ஏணி திடீரென்று இறங்குகிறது

ஒன்றுக்குள் ஒன்று மடங்கி, தோளில் மாட்டிக்கொண்டு போகும் அளவுக்குச் சுருங்கும் ஏணி இது. கோயம்புத்தூரில் வாங்கி வருபவர்களுக்கு மிகவும் வசதி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் காருக்கு மேல் நீள ஏணியைக் கட்டிக்கொண்டு வருவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் குழாய்க்குள் தூசியும் ஈரமும் சேர்ந்தால் பூட்டு பாதி மட்டும் விழும். கிளிக் என்ற சத்தம் ஒவ்வொரு படிக்கும் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். கேட்காத படியை ஏறுவதற்கு முன் கையால் அழுத்திப் பாருங்கள். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு குழாயையும் துடைத்து உள்ளே தள்ளுங்கள். கிரீஸ், தேங்காய் எண்ணெய் எதுவும் போட வேண்டாம், தூசி இன்னும் ஒட்டும், கையும் வழுக்கும். மடக்கும்போது விரலைப் படிகளுக்கு நடுவில் வைக்காதீர்கள். பூட்டு ஒருமுறை ஏமாற்றினால் அந்த ஏணியை மறுபடி நம்ப வேண்டாம்.

மூங்கில் ஏணி, மர ஏணி முறியும் சத்தம் கொடுக்கிறது

படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலும் இன்னும் மூங்கில் ஏணியும், கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கழியில் குறுக்குச் சட்டம் அடித்த ஏணியும்தான் அதிகம். நல்ல மூங்கில் நல்ல ஏணி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஈரத்தில் அதன் ஆயுள் குறைவு. கணுவுக்குக் கணு விரலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது. கீழே மாவு போல் பொடி கொட்டியிருந்தால் வண்டு துளைத்திருக்கிறது. மண்ணில் நிற்கும் அடிப்பக்கம்தான் முதலில் போகும், அங்கே பேனாக்கத்தியின் முனையைக் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் விறகுக்குத்தான்.

படியைக் கட்டியிருக்கும் கம்பி துருப்பிடித்திருந்தால் மாற்றிக் கட்டலாம். ஆணி மட்டும் அடித்த படி என்றால் ஆணிக்கு மேல் கயிறோ கம்பியோ சேர்த்துக் கட்டுங்கள், ஈரத்தில் மரம் விரிந்து சுருங்கும்போது ஆணி தானே நெகிழ்ந்து வெளியே வரும். மர ஏணிக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் விரிசல் தெரியாது. பாதுகாக்க வேண்டுமானால் உள்ளே தெரியும்படியான வார்னிஷ் அடியுங்கள்.

கையில் சுருக்கென்று அடித்தது

உடனே இறங்குங்கள், ஏணியைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள். இதற்கு மேல் நீங்களே சோதிக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈரமான தகரக் கூரையிலோ சுவரிலோ எங்கோ மின்சாரம் கசிகிறது.

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது மேல் முனை எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மலையில் மின்கம்பம் சாலை மட்டத்தில் இருக்கும், வீடு அதற்குக் கீழே. வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் தலைக்கு மேலே தாழ்வாகத் தொங்கும். மின்கம்பிக்கும் ஏணிக்கும் குறைந்தது பத்தடி இடைவெளி வையுங்கள். அந்த இடைவெளி கிடைக்காத இடம் என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். மின்விளக்கு, விசிறி வேலைக்கு பைபர் (கண்ணாடியிழை) ஏணி வாங்குவது நல்லது. அலுமினியத்தைவிடக் கனம். அதுவும் நனைந்து, அழுக்கேறியிருந்தால் காப்பாற்றும் என்று நம்ப முடியாது, நனைந்த மூங்கிலும் அப்படியே.

ஏணி நிற்கிறது, கூரை உடைகிறது

தகர வாய்க்காலில் ஏணியைச் சாய்த்தால் வாய்க்கால் நசுங்கும், ஏணியும் பக்கவாட்டில் வழுக்கும். ஏணியின் மேல் முனையில் பொருத்தும், சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்தும் இரும்புக் கொம்பு கிடைக்கிறது. அதைப் போட்டு, வாய்க்காலுக்குக் கீழே கெட்டியான சுவரில் தாங்க விடுங்கள். சுவரில் கீறல் விழாமல் இருக்க முனையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றலாம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மட்டும் தயவுசெய்து கால் வைக்காதீர்கள். ஆள் நின்றால் தாங்கும் போல் தெரியும், வெயிலும் பனியும் பட்டுப் பழசானது ஒரு அடியில் உடைந்து ஆள் நேராக வீட்டுக்குள் விழுவார். அடியில் கூரையைத் தாங்கும் வரிச்சல் எங்கே ஓடுகிறது என்று தெரிந்த ஆள்கூடப் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். உடைத்தால் பறக்கும் தூசியும் நுரையீரலுக்குக் கேடு. ஓட்டு வீடு என்றால் இன்னொரு தொந்தரவு, குரங்குக் கூட்டம். ஒரு மதியத்தில் பத்து ஓட்டை நகர்த்திவிட்டுப் போகும். அதைச் சரிசெய்ய ஓட்டின் மேல் ஏறாமல், ஏணியில் நின்றபடியே எட்டும் வரிசையை மட்டும் நீங்கள் பாருங்கள், மேல் வரிசைக்கு ஓடு மாற்றும் ஆளை வரச் சொல்லுங்கள்.

வேலை முடிந்தபின்

சுவரில் மூன்று ஆணி அடித்துப் படுக்கை வாட்டில் மாட்டி வையுங்கள், இரண்டு ஆணி என்றால் நடுவில் தொய்யும். வெளியே சாய்த்து வைத்தால் இரவில் வரும் காட்டெருமை தள்ளிவிட்டுப் போகும், விழுந்த ஏணியை மறுநாள் யாரும் சோதிப்பதில்லை. வெயிலில் வெகுநாள் கிடந்த பைபர் ஏணியில் இழை இழையாகத் தூள் கிளம்பி, கையில் முள் போல் குத்தும். அப்படி இருந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

முறுக்கிய சட்டம், விரிசல் விட்ட படி, நம்பிக்கை போன பூட்டு, உளுத்த மூங்கில் இவற்றில் எது இருந்தாலும் அந்த ஏணியைப் பழைய இரும்புக் கடைக்கு முழுதாகப் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுக்கவும் வேண்டாம். ஒருவர் அதை நூறு ரூபாய்க்கு வாங்கி, மறுநாளே சாய்த்து ஏறுவார். அப்பா விழுந்த ஏணி நல்ல ஏணி, அதை இன்றும் வைத்திருக்கிறோம். ஆனால் அதற்கு முந்தைய மர ஏணியை, மூன்றாவது படியில் விரிசல் கண்ட அன்று, நடுவில் ரம்பத்தால் அறுத்து இரண்டாக்கி அடுப்பங்கரையில் போட்டோம்.